நாலு பக்கமும் ஸ்டாப், நடுவில் சச்சிகோ

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால். எங்கள் டப்ளினில் ஒரு நாற்சந்தி.

டப்ளின் என்றதும் அயர்லாந்துக்குப் போய்விடாதீர்கள். இது கலிபோர்னியா டப்ளின். 'வெண்டைக்காய் நுனியை ஒடிக்காதீர்கள்' என்று மளிகைக் கடையில் தமிழில் எழுதி வைத்திருக்கிற டப்ளின். (எழுதி வைத்தும் ஒடிக்கிறோம்.)

அந்த நாற்சந்தியில் சிக்னல் கிடையாது. போலீஸ்காரர் கிடையாது. நாலு பக்கமும் நாலு ஸ்டாப் போர்டு, அவ்வளவுதான். யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவர் முதலில் போகலாம். இதுதான் சட்டம். அமெரிக்கா முழுக்க இந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

முதலில் வந்து நின்றது எங்கள் கார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் சச்சிகோ, என் ஜப்பானிய மாணவி. பக்கத்து சீட்டில் நான், அவளுடைய இங்கிலீஷ் டீச்சர்.

எதிரே ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. சச்சிகோ அதைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். நீங்கள் போங்கள் என்று அர்த்தம். டிரக்குக்காரர் குழம்பி, 'நீ போம்மா' என்று கையைக் காட்டினார். இவள் மறுபடி வணங்கினாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து இடதுபக்கம் ஒரு பார்சல் வேன். வணக்கம். போனது. வலதுபக்கம் ஒரு சிவப்புக் கார். வணக்கம். போனது. சைக்கிளில் ஒருவர். அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டாள்… நெற்றி ஹாரனில் பட்டு, கார் அலறியது. மரியாதை செய்யப்போய் மனுஷனைத் திட்டியது போலாகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்க மறுபடி குனிந்தாள்.

மறுபடி ஹாரன்.

நான் எண்ணினேன். பதினொரு வண்டிகள் போயின. பன்னிரண்டாவதாக வந்தது குப்பை லாரி. அதற்கும் வணக்கம்.

சச்சிகோவை அங்கேயே நிறுத்திவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். கவலைப்படாதீர்கள். நாம் திரும்பி வரும்வரை அவள் அங்கேதான் நிற்பாள்.

'நீ எப்படி இங்கிலீஷ் டீச்சர் ஆனாய்?' என்று நீங்கள் கேட்கலாம். என் தம்பியும் கேட்டான். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான்.

நியாயம்தான். பாளையங்கோட்டையில் தமிழ் மீடியம் படித்தவள் நான். பிளஸ் டூவில் இங்கிலீஷில் எவ்வளவு மார்க் என்பதை என் கணவர் செல்வினிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. அமெரிக்கா வந்த பிறகு, வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் ஏழு வருஷம். என்ன செய்வது? பேசினேன். லாண்டிரி ரூமில் பேசினேன். பார்க் பெஞ்சில் பேசினேன். பஸ் ஸ்டாப்பில், வந்த பஸ்ஸைப் போகவிட்டுவிட்டுப் பேசினேன். என் இங்கிலீஷ் புத்தகத்தில் வந்ததல்ல, வாயில் வந்தது. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்கள் ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இங்கிலீஷ் பேசிப் பழக ஒரு வகுப்பு. நடத்த ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தகுதி இரண்டு. பொறுமை, பேசுவதில் விருப்பம். முதலாவது என்னிடம் கிடையாது. இரண்டாவது ரெண்டு பேருக்குத் தேவையான அளவு இருந்தது. சராசரி பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

வகுப்பில் ஏழு பேர். எப்படியோ ஏழு பேரும் ஜப்பானியர்கள். பெரும்பாலும் கணவரின் கம்பெனி மாற்றலில் கூடவே வந்த பெண்கள். ஒரே ஓர் ஆண், ஓனோ சான். ஜப்பானில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்திருப்பவர். 'சான்' என்பது பேருக்குப் பின்னால் ஒட்டுகிற மரியாதை, நம்முடைய 'அவர்கள்' மாதிரி. நான் அவர்களுக்கு எஸ்தர் சென்ஸே. சென்ஸே என்றால் டீச்சர். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று செல்வின் சொல்கிறார்.

முதல் மூன்று வாரம் மிதந்துகொண்டிருந்தேன். நான் எதைச் சொன்னாலும் ஏழு தலைகளும் ஆடின. 'யெஸ், யெஸ்.' அடடா, இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்களே, எனக்குள் இப்படியொரு டீச்சர் இருந்தாளா? நாலாவது வாரம், நடத்தியதிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

ஏழு தலைகளும் ஆடின. 'யெஸ், யெஸ்.'

ஓனோ சான்தான் உண்மையைச் சொன்னார். அந்த யெஸ், 'புரிந்தது' என்கிற யெஸ் இல்லையாம். 'காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்கிற யெஸ்ஸாம். அதாவது நம் ஊரில் கதை கேட்கிறவர் 'உம்' கொட்டுவது. மூன்று வாரமாக எனக்கு உம் கொட்டியிருக்கிறார்கள்.

சரி, என் பக்கம் என்ன லட்சணம்? அவர்கள் சரியாகப் பேசும்போதெல்லாம் நான் நம் ஊர் முறைப்படி தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஆட்டி ரசித்திருக்கிறேன். 'நான் பஸ்ஸில் வந்தேன்' என்பதை ஓனோ சான் இங்கிலீஷில் அழகாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். தப்பு போலிருக்கிறது என்று மறுபடி சொன்னார். நான் இன்னும் பலமாக ஆட்டினேன். பாவம், பதினான்கு தடவை பஸ்ஸில் வந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வகுப்பு வகுப்பானது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவரவர் ஊர்ப் பழமொழியை இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். சொலவடை என்றால் எனக்குச் சோறு வேண்டாம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்றேன் நான். அவர்கள் ஊரில் மரத்திலிருந்து குரங்கும் விழுமாம். பார்த்தீர்களா, விலங்குதான் வேறு, விழுவது ஒன்றுதான்.

ஆனால் சச்சிகோ சொன்னது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. 'நீட்டிக்கொண்டிருக்கிற ஆணிதான் அடி வாங்கும்.'

நான் வாயுள்ள பிள்ளை ஊர்க்காரி. அவள் ஆணி ஊர்க்காரி. இரண்டு பேரும் ஒரே நாற்சந்தியில் போய் மாட்டினால் எப்படி இருக்கும்?

சச்சிகோவுக்கு நாற்பத்தோரு வயது. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது தொழில். மலையடிவாரத்து லிவர்மோரில் ஒரு நீச்சல் குளத்தில் வேலைக்கு ஆள் தேடினார்கள். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பில் தும்மியதற்கே மூன்று தடவை மன்னிப்புக் கேட்கிறவள் சச்சிகோ. தண்ணீரில் இறங்கி விசிலை வாயில் வைத்தாள் பாருங்கள்… எட்டு வாண்டுகள் வரிசையில் விறைத்து நின்றன. 'நெக்ஸ்ட். யூ. கோ. நெக்ஸ்ட். யூ. கோ.' அழுதுகொண்டு வந்த ஒரு பையன் அழுகையை மறந்துவிட்டுக் குதித்தான். கரையில் நின்ற எனக்கே ஒரு கணம் குதிக்கத் தோன்றியது. எனக்கு நீச்சல் தெரியாது.

வேலை அங்கேயே உறுதியாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் ஆரம்பம். ஆனால், காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கணவர் ஐந்தரைக்கே எதிர்த் திசையில் மலை தாண்டிக் கிளம்பிவிடுவார். கார் ஓட்டினால்தான் வேலை. ஜப்பானில் பதினாறு வருஷம் ஓட்டியவள்தான். ஆனால் இங்கே லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலிலிருந்து டெஸ்ட்.

ஒரு தடவை விண்ணப்பித்தால் மூன்று வாய்ப்பு. இரண்டை இழந்திருந்தாள். இரண்டு தடவையும் நாற்சந்தியில், எல்லாருக்கும் வழிவிட்டு நின்றே ஃபெயில். தன் முறை வந்தும் போகாமல் நிற்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தொல்லை, அதனால் அதுவும் தப்பு. மூன்றாவது டெஸ்ட் மே மாதக் கடைசியில். அதையும் விட்டால் மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை குளம் காத்திருக்குமா?

"ரெண்டு வருஷமா பக்கத்து சீட்லயே உக்காந்திருக்கேன், சென்ஸே," என்றாள் ஒரு நாள். அவள் சொன்னது இங்கிலீஷில்தான். நான் நம் பேச்சில் தருகிறேன். "எங்க போகணும்னாலும் யாரையாவது கேக்கணும். கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கு. அதனால எங்கயும் போறதில்ல."

எனக்குத் தெரியாதா அந்த சீட்டை? ஏழு வருஷம் நான் உட்கார்ந்து சூடாக்கிய சீட்டாயிற்றே. அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பெண்ணை ஸ்டியரிங் பக்கம் உட்கார வைக்காமல் விடுவதில்லை.

இனி டப்பா கதை. அதைச் சொல்லாவிட்டால் நாற்சந்தி புரியாது.

முதல் டெஸ்டில் ஃபெயிலான அன்று, ஆறுதலுக்கு ஓர் எவர்சில்வர் டப்பாவில் அச்சுமுறுக்கு போட்டுக் கொடுத்தேன். சம்படம் மாதிரி உருண்டையான டப்பா, இறுக்கமான மூடி. அடுத்த செவ்வாய்க்கிழமை டப்பா திரும்பி வந்தது, பூப்போட்ட துணியில் முடிச்சுப் போட்டு. திறந்தால் உள்ளே அரிசி பிஸ்கட்.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். பண்டத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமனே வைத்துக்கொள்ளலாமா? முந்திரிக்கொத்து செய்து கொடுத்தேன். டப்பா திரும்பி வந்தது, உள்ளே பயறு வைத்த மாவு உருண்டை. நான் மிக்சர் கொடுத்தேன். அவள் வறுத்த கடற்பாசி கொடுத்தாள். நான் தேங்காய் பர்பி. அவள் ஏதோ பச்சைத் தேயிலை கேக்.

"ஏட்டி, இது டப்பாவா, இல்ல ஷட்டில் பஸ்ஸா?" என்றார் செல்வின். "மார்ச்ல இருந்து நம்ம வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் ஓடிட்டே கெடக்கு."

"சும்மா இருங்க. வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கது?"

"அப்ப குடுக்காத. நம்ம டப்பாதான, வச்சுக்கோ."

"அதுல அவ குடுத்த கேக் இருந்துச்சுல்லா. அதுக்குப் பதிலு?"

எங்கள் மகள் ரூத், போனிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னாள். "அம்மா, யூ போத் நீட் தெரபி."

பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது என்பது நம் வழக்கம். வாங்கியதற்குப் பதில் செய்யாமல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பழக்கம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்? உலகம் அழியும்வரை டப்பா ஓடும்.

இப்போது நாற்சந்திக்கு வாருங்கள். சச்சிகோ நிற்கிறாளா? நிற்கிறாள்.

"சச்சிகோ சான், இது உங்க டர்ன்," என்றேன்.

"யெஸ்."

"போகலாம்."

"யெஸ், யெஸ்."

கார் நகரவில்லை. உம் கொட்டுகிறாள்.

அப்போது எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டாஷ்போர்டில் பிள்ளையார். உள்ளே நம் ஊர் அங்கிள் ஒருவர். சச்சிகோ வணங்கினாள். அங்கிள் 'நீங்க போங்கம்மா' என்று கையை நீட்டினார். இவள் வணங்கினாள். அவர் நீட்டினார். அமெரிக்கர் என்றால் இரண்டாவது வணக்கத்தில் போயிருப்பார். இவர் நம் ஆளாயிற்றே, விட்டுக்கொடுப்பதில் விட்டுக்கொடுப்பாரா? பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோம் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்து முறுக்குகிற ஜாதி அல்லவா நாம். வணக்கம், கை, வணக்கம், கை. பின்னால் இரண்டு பக்கமும் வரிசை நீண்டது.

ஆறாவது வணக்கத்தில் சச்சிகோ பாதியிலேயே நின்றாள். அங்கிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் விரிந்தது.

"சென்ஸே," என்றாள் மெதுவாக. "டப்பா."

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அவளுக்கும். ஜப்பானியப் பெண்கள் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். சச்சிகோ இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் பொத்த முடியவில்லை. அப்போதுதான் முதன்முறையாக அவள் பல்லைப் பார்த்தேன். பொறுமை இழந்த அங்கிள் 'என்னவோ போ' என்று தலையை ஆட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். நாங்கள் எப்படியோ அடுத்த தெருவில் ஓரம் கட்டி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம்.

"யாராவது ஒருத்தர் நிறுத்தினாத்தான் இது நிக்கும்," என்றேன். "டப்பா இப்ப உங்க வீட்டுலதான இருக்கு? அடுத்த வாரம் காலியா கொண்டு வாங்க. இதான் ஹோம்வொர்க்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "காலியாவா? சென்ஸே, டெஸ்டே பரவால்ல."

அடுத்த செவ்வாய்க்கிழமை. பூப்போட்ட துணி, டப்பா, சச்சிகோ. கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தேன். கடகட.

"ஒரே ஒண்ணு," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ரொம்பச் சின்ன மிட்டாய்."

விஷயம் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. ஓனோ சான் எழுந்து வந்து, ஸ்டேஷன் மாஸ்டர் தோரணையில் நடுவர் பொறுப்பை ஏற்றார். ஜப்பானிய ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டாம். சிக்னலோ கதவோ தண்டவாளமோ, எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே கண்ணால் பார்த்தால் போதாது. மனது ஏமாற்றும், விரலும் வாயும் சேர்ந்து ஏமாற்றாது என்பது அவர் கட்சி. அவர் டப்பாவின் அடிக்கு விரலை நீட்டினார். நூலகமே கேட்கும்படி அறிவித்தார்.

"மிட்டாய். ஒன்று. நாட் எம்ப்டி."

டப்பாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து டிரைவிங் பழக வந்தபோது மறுபடி கொண்டு வந்தாள். சத்தம் வரவில்லை. திறந்தால் மடித்து வைத்த ஒரு நன்றிக் கடிதம். போட்டோ எடுத்து ஓனோ சானுக்கு அனுப்பினோம். பதில் வந்தது. 'பேப்பர். நாட் எம்ப்டி.'

"காலி டப்பாவக் கையில எடுத்தாலே கை கூசுது, சென்ஸே," என்றாள் சச்சிகோ. "ஒருத்தர்கிட்ட இருந்து திருடிட்டு வர்ற மாதிரி இருக்கு. நாற்சந்தியில முதல்ல போறதும் அப்படித்தான் இருக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வது?  எனக்கும் காலி டப்பாவைக் கண்டால் கை கூசத்தானே செய்கிறது?

டெஸ்டுக்கு முந்தைய வகுப்பில், நாலு நாற்காலியைப் போட்டு நாற்சந்தி செய்தோம். அன்றைய பாடம் ஒரே வாக்கியம். 'மை டர்ன்.' என் முறை. ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, முறை வரும்போது அதைச் சொல்லிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கால் மணி நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலு நாற்காலியிலும் நாலு பேர் மாறி மாறி வணங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நூலகப் பெண்மணிக்கு, சச்சிகோ எழுந்து நாற்காலியையே கொடுத்துவிட்டாள்.

ஓனோ சானுக்குப் பொறுக்கவில்லை.

"என் ஸ்டேஷனில்," என்றார், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, "தன் முறை வந்த ரயில் கிளம்பாமல் நின்றால், பின்னால் வரும் பத்து ரயிலும் தாமதம். ரயிலுக்கு மரியாதை எது? நிற்பதா? சரியான நேரத்தில் கிளம்புவது."

 மற்ற ஆறு தலையும் ஆடின. இந்தத் தடவை அது உம் கொட்டல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பதினாறு வாரம் பாடம் நடத்தியும் நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை, 'பஸ்ஸில் வந்தேன்' ஓனோ சான் நாலு வரியில் சொல்லிவிட்டார். சச்சிகோ மெதுவாக விரலை நீட்டினாள். இடது நாற்காலி. "லெஃப்ட், ஓகே." வலது. "ரைட், ஓகே." எதிரே. "ஃப்ரன்ட், ஓகே." அப்புறம் அந்த விரலைத் தன் மூக்குக்குத் திருப்பினாள். ஜப்பானியர்கள் 'நான்' என்பதற்கு மூக்கைத்தான் காட்டுவார்கள்.

"மை டர்ன், ஓகே."

எழுந்து நடந்தாள். நாங்கள் கைதட்டியதில் நூலகப் பெண்மணி மறுபடி வர வேண்டியதாயிற்று.

டெஸ்ட் நாள். டெஸ்ட் எடுக்கிற அம்மாள் ஆறடி உயரம், முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை. சச்சிகோ அவருக்கு மூன்று வணக்கம் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். நான் வெளியே பெஞ்சில். செல்வின் போன் செய்தார்.

"என்னட்டி ஆச்சு? கெளம்புனாளா, இல்ல கும்புட்டுட்டே நிக்காளா?"

"போயிருக்கா. வாய வச்சுட்டுச் சும்மா இருங்க. ஜெபம் பண்ணுங்க."

"ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன்."

"அதுக்கென்ன, எப்பவும் மீட்டிங்ல தூங்கத்தான செய்வீங்க, இன்னைக்கு ஜெபம் பண்ணுங்க."

இருபது நிமிஷம்.  இருபத்தைந்து நிமிஷம். எங்கே போனாள்? ஏதாவது நாற்சந்தியில் இவள் வணங்க வணங்க ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறதோ?

கார் வந்தது. நின்றது. உயரமான அம்மாள் இறங்கி, டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டு உள்ளே போனார். சச்சிகோ என்னிடம் நடந்து வந்தாள். எதிரே வந்து நின்று, இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது உங்களுக்கு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாஸானாலும் இதே வணக்கம்தான், ஃபெயிலானாலும் இதே வணக்கம்தான். அவள் நிமிரும்வரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தாள்.

பல் தெரிந்தது.

நடந்ததை அப்புறம் சொன்னாள். நாற்சந்தி வந்தது. முதலில் வந்தது இவள்தான். எதிரே ஒரு கார், வலப்பக்கம் ஒரு கார். குனியப் பார்த்த தலையை நடுவில் பிடித்து நிறுத்திவிட்டாளாம். விரலை நீட்டினாள். 'லெஃப்ட், ஓகே. ரைட், ஓகே. ஃப்ரன்ட், ஓகே.' மூக்கு. 'மை டர்ன், ஓகே.' போய்விட்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டிருக்கிறார், "யாரோடு பேசுகிறீர்கள்?"

பதற்றத்தில் சச்சிகோ உள்ளதைச் சொல்லிவிட்டாள். "டப்பாவோடு."

அந்த அம்மாள் அதைப் பற்றி மேலே கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் சிரிப்பு. வேகம் குறைவு என்று இரண்டு மூன்று மார்க் போனது. போகட்டும். முடிவில், 'எனக்கு வணக்கம் தேவையில்லை, நான் என் வேலையைத்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளும் லேசாகத் தலையைக் குனிந்திருக்கிறார். ஒட்டிக்கொள்கிற வியாதி அது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து நானும் ரூத்தும் முன்னால் வந்துவிட்டோம். செல்வின் பின்னால் தனியாக வந்தார். வந்தவர் வாசலிலேயே புகார் சொன்னார்.

"அந்தப் பொண்ணு நம்ம தெருமுக்குல எனக்கு வழியே விடல பாத்துக்கோ. நான் போலாம்னு பாத்தா, விரல நீட்டி என்னமோ சொல்லிட்டு, சர்ர்னு போயிட்டா." சொல்லும்போதே முகமெல்லாம் பெருமை. தானே ஓட்டப் பழக்கிவிட்டவர் போல.

தெருவோரம் காரை நிறுத்திவிட்டு வந்து, அவர் பின்னால் சச்சிகோ நின்றுகொண்டிருந்தாள். தனியாக ஓட்டி வந்த முதல் பயணம். நாளை காலை ஆறரைக்குக் குளத்தில் முதல் வகுப்பு. கழுத்தில் விசில் தொங்கியது, ஞாயிற்றுக்கிழமையே மாட்டிக்கொண்டுவிட்டாள்.

கையில் டப்பா. துணி இல்லை, முடிச்சு இல்லை. இரண்டு கையாலும் நீட்டினாள்.  உள்ளே பார்த்தேன். மிட்டாய் இல்லை, கடிதம் இல்லை. துடைத்துப் பளபளவென்று இருந்த அடியில் என் முகம்தான் தெரிந்தது.

நான் விரலை நீட்டினேன். "எம்ப்டி, ஓகே."

மார்ச்சிலிருந்து அந்த டப்பாவில் எத்தனையோ பண்டம் வந்திருக்கிறது. இதைப்போல ஒன்று வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. கலங்கினால் உடனே கை எதையாவது செய்ய வேண்டும் அல்லவா, என் கை பாட்டுக்கு அலமாரியில் இருந்த மிக்சரை நோக்கிப் போனது.

"நோ," என்றாள் சச்சிகோ.

மன்னிப்பு இல்லை. வணக்கம் இல்லை. குளத்தில் கேட்ட அதே குரல். என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் ஒரு வாய் காப்பி குடித்தாள், சிரித்தாள், சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டாள். தெருமுக்கில் நிற்க வேண்டிய நேரம் நின்று, போக வேண்டிய நேரத்தில் போனாள்.

அவள் போன பிறகு டப்பாவை அடுக்கில் வைக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

மூடி இல்லை.

போன் செய்தேன். "ஓ," என்றாள். "மூடி எங்க வீட்டுல இருக்கு, சென்ஸே. நாளைக்கு வேலை முடிஞ்சு கொண்டு வர்றேன். நானே டிரைவ் பண்ணி."

பாத்திரம் காலியாகத் திரும்பக் கூடாது என்று எங்கள் ஊரில் உண்டு. வாங்கியதற்குப் பதில் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஊரில் உண்டு. ஆனால் மூடியைப் பற்றி இரண்டு ஊரிலும் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று, அச்சுமுறுக்குக்கு மாவு கரைத்து வைத்திருக்கிறேன்.